பெரியவனிலிருந்து சின்னவனுக்கு

லவுத்தோக்காவில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் ஒரு அக்கா இருந்தார். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு ஹார்டு டிஸ்கில் இருப்பதை அப்படியே இன்னொரு ஹார்டு டிஸ்குக்கு மாற்றுவார். ஒரு பொட்டு விடாமல் மாற்றுவார். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும், மானிட்டர் கண்ணை மூடிவிட்டது என்றாலும், “அத்த நான் அறியேன்” என்று கையை விரித்துவிடுவார். அவருக்கு நான் வைத்த பெயர் காப்பி அக்கா. இத்தனைக்கும் அவர் காப்பியை வாயில் வைக்க மாட்டார், டீதான். ஃபிஜியில் நல்ல காப்பி கிடைக்காமல் நான் பட்ட பாட்டுக்கு, அந்தச் சொல்லாவது வாயில் புழங்கட்டுமே என்றுதான் அந்தப் பெயர்.

என் கணவர் லவுத்தோக்காவை ஒட்டிய ட்ராசாக்காரர். கோயமுத்தூருக்குப் படிக்க வந்தவர், பட்டத்தோடு என்னையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். கடையில் எனக்குப் பில் போடுகிற வேலை. முதல் நாள் கால்குலேட்டர் மக்கர் செய்ததற்கு நான் தமிழில் முணுமுணுத்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். “அடிப்பாவி, நம்ம பாசை பேசறியே!” என்றார். அங்கே நம் ஆட்கள் வீட்டிலும் வீதியிலும் இந்திதான் பேசினார்கள். அதுவும் டெல்லிக்காரனுக்குப் புரியாத இந்தி. தமிழ் என்பது கோயிலில் பெரியவர்கள் வாயில் கேட்பதோடு சரி. அக்காவின் தமிழ் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த வட ஆற்காட்டுத் தமிழ். இன்னா, அத்த, இத்த, இக்குது. நான் அந்த ‘இக்குது’வைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டேன். அவரும் விடவில்லை. “நீ ‘இருக்குதுங்க’ன்னு இழுத்து முடிக்கங்காட்டியும் ட்ராசா பஸ்சே பூடும்” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி.

அவர் வேலை செய்யும் விதமே தனி. மேசைமேல் பெட்டியைத் திறந்து போட்டு, வந்த டிஸ்கையும் புது டிஸ்கையும் பட்டை ஒயரில் கோத்து, ஒரு ஃப்ளாப்பியைச் செருகுவார். அதில்தான் அந்தக் காப்பி எடுக்கிற மென்பொருள் இருந்தது. திரையில் ஒரு நீளப் பட்டை வரும். அது நகர ஆரம்பித்ததும் நாற்காலியைத் திருப்பித் தெருவைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். வறுத்த பட்டாணியைக் கொறித்துக்கொண்டு கரும்பு ரயில் போவதைப் பார்ப்பார், பஸ்சுக்கு ஓடுகிறவர்களைப் பார்ப்பார். நடுநடுவே கழுத்தை மட்டும் திருப்பிப் பட்டை எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பார். டிஸ்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்தவரில்லை. காப்பி சரியாக வந்ததா என்று பார்க்கக்கூட, கடைக்காரப் பையன்கள்தான் திறந்து காட்டுவார்கள். அக்கா அப்போதும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் கடைக்கு வந்த காப்பி வேலையில் முக்காலும் ஊரை விட்டுப் போகிறவர்களுடையது. சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர். கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியாது. டிஸ்கை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று போகிறவர்களோடு போகும், ஒன்று இருப்பவர்களோடு இருக்கும். எதை எடுப்பது எதை விடுவது என்று வீட்டில் பாத்திரத்திலிருந்து படுக்கைவரை சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள், இங்கேயும் அதே புத்தியோடு வருவார்கள். இந்தப் படங்கள் போதும், அந்தக் கணக்குகள் வேண்டாம் என்பார்கள். அக்காவிடம் அது நடக்காது.

“பொறுக்கக் கூடாது. பொறுக்குனா போச்சு. அள்ளிப் போட்டுக்கினு போங்க, அங்க போயி பொறுக்கிக்கலாம்.”

இதைத் தமிழில் சொல்லி, இந்தியில் சொல்லி, கைவிரலாலும் காட்டுவார். இதற்கு அதிக நேரமாகும். அவசரக்காரர்கள் முதலாளியிடம் போய் முறையிடுவார்கள். முதலாளி தலையைச் சொறிவார். அக்கா பட்டாணியைக் கொறிப்பார்.

ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் டிஸ்கைக் கொண்டுவந்து, நாலைந்து கோப்புகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் காப்பி எடுக்கச் சொன்னார். அக்கா முடியாது என்றார். வாத்தியார் வியர்த்தார், கெஞ்சினார், கடைசியில் சரி என்று போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்து அக்கா எதிரில் உட்கார்ந்தார். தன் கணவர் விடச் சொன்ன கோப்புகளில் என்ன இருந்தது என்று கேட்டார். அக்கா மென்றுகொண்டிருந்த பட்டாணியை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“மூட்டைய தூக்கினேம்மா. அவுக்கல.”

“பார்க்காமல் எப்படிக் காப்பி எடுப்பீங்க?”

“பாத்தாதான் எடுக்க முடியாது.”

அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். அந்தக் குடும்பம் சேர்ந்தேதான் நியூசிலாந்து போனது. டிஸ்கில் என்ன இருந்ததோ, இன்றுவரை எனக்கு அந்த அரிப்பு உண்டு. அக்காவுக்குக் கொஞ்சமும் இல்லை.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஒரே ஒயரில் இரண்டு டிஸ்க் மாட்டினால் முதலாவதை மாஸ்டர் என்பார்கள், அடுத்ததை ஸ்லேவ் என்பார்கள். டிஸ்கின் முதுகிலேயே அச்சடித்திருக்கும். அந்த வார்த்தையை மட்டும் அக்கா வாயால் சொல்ல மாட்டார். “அடிமன்னு ஒன்னுத்துக்கு இன்னாத்துக்குப் பேரு வெக்கணும்? நம்ம ஆளுங்க கிர்மித்துல வந்து பட்டது போதாதா?” என்பார். கிர்மித் என்றால் அந்தக் காலத்துக் கூலி ஒப்பந்தம். அதனால் அவர் கணக்கில், கடைக்கு வந்த டிஸ்க் பெரியவன், புது டிஸ்க் சின்னவன். முதலில் பிறந்தவன் பெரியவன், பின்னால் வந்தவன் சின்னவன். “பெரியவன்லேந்து சின்னவனுக்கு” என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவார். எந்தத் திசையில் போகிறது என்பதுதான் இந்த வேலையில் உயிர். திசை மாறினால் காலி டிஸ்க் வந்து நிறைந்த டிஸ்கின்மேல் ஏறிக்கொள்ளும். காலியையும் அந்த மென்பொருள் ஒரு பொட்டு விடாமல் காப்பி எடுக்கும்.

தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு ஆட்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று வானொலி சொன்ன அன்று, நாங்கள் எல்லோரும் முதலாளியின் மேசையைச் சுற்றி நின்றோம். எண்பத்தேழில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பைப் பார்த்தவர்கள் முகம் முதலில் வெளுத்தது. நான் புதுசு, எனக்கு வெளுக்கக்கூடத் தெரியவில்லை. முதலாளி ஷட்டரை இறக்கச் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். அக்கா எழுந்திருக்கவில்லை.

“பட்டை பாதிதான் வந்திக்குது. இப்ப நிறுத்துனா ரெண்டும் கெட்டுடும்.”

“ஊரே பத்தி எரியுதாம், உங்களுக்குப் பட்டையா முக்கியம்?” என்று நான் கத்தினேன்.

“சுவா எரியுது. இங்க இன்னும் எரியல. நீ போ தங்கச்சி.”

அவரை உள்ளே வைத்துத்தான் முதலாளி ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கல்லோ இந்தப் பொம்பளை என்று நினைத்தேன். பிறகு வந்த வாரங்களில் நானும் அப்படித்தான் ஆனேன். தீவின் உட்பக்கக் கரும்புக் காடுகளில் நம் ஆட்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள் என்று ஒருநாள் கேட்போம். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று ஒருநாள் கேட்போம். கேட்டுவிட்டு நான் பில் போடுவேன். கரண்ட் வரும், போகும். வந்த நேரத்தில் காப்பி ஓடும். கடை வாசலில் துண்டில் சுற்றிய டிஸ்கோடு வரிசை நின்றது. யாரும் யாரிடமும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார்கள்.

அக்காவின் கணவர் அதற்கு முந்தின வருஷமே இறந்துபோயிருந்தார். ட்ராசாவில் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். குத்தகை முடிந்ததும் நிலம் நிலத்துக்காரரிடமே திரும்பப் போய்விட்டது, வீடு மட்டும் மிஞ்சியது. வேலையில்லாமல் முன்வாசலில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாராம். மகன் ஒருநாள் கம்ப்யூட்டருக்கு ஒரு மைக் வாங்கிவந்து, “இதில் திட்டு அப்பா” என்று முன்னால் வைத்தான். மனிதர் பிடித்துக்கொண்டார். அக்கா வேலைக்குப் போன பிறகு தினமும் பேசினார். ரக்பி நடுவரைத் திட்டினார், நிலத்துக்காரரைத் திட்டினார், நாயைக் கூப்பிட்டார், பாடினார். மகன் எல்லாவற்றையும் சேமித்துவைத்தான். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கருமாதி முடிந்து அக்கா கடைக்கு வந்தபோது, ஆறுதல் சொல்லத் தெரியாமல் நான் அந்தக் குரலைப் பற்றித்தான் கேட்டேன்.

“நீங்க கேட்டிருக்கீங்களா அக்கா?”

“இல்ல. அவரு இருந்தப்போ நேர்லயே பேசிக்கினு இருந்தாரு, அத்த வேற இதுல கேப்பாங்களா? இப்ப கேக்க ஒரு மாதிரி இக்குது. இருக்கட்டும். எங்க பூடப் போவுது?”

வீட்டு டிஸ்கிலும் அவர் மூட்டையை அவிழ்க்கவில்லை. அவ்வளவுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

கலகம் நடந்த அந்த வருஷமே மகனுக்குப் பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது, விசாவும் வந்தது. டிக்கெட் போட்டாயிற்று. வீட்டு டிஸ்கைக் காப்பி எடுத்து அவனிடம் கொடுப்பதற்காக அக்கா ஒரு புது டிஸ்க் வாங்கி, தயார் செய்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டியும் வைத்துவிட்டார். புறப்படுவதற்கு முந்தின நாள் ஓட்டிவிடலாம் என்று இருந்தார். அதற்குள் முதலாளி அவரை லாமிக்கு அனுப்பினார். சுவாவுக்குப் பக்கத்தில் அங்கே ஒரு கம்பெனி, கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் முன் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் காப்பி எடுக்கக் கேட்டிருந்தது. காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம் என்றுதான் போனார். போன அன்றைக்கே அந்தப் பக்கம் பாதையை அடைத்துவிட்டார்கள், ஊரடங்கும் போட்டுவிட்டார்கள். அக்கா ஒரு சொந்தக்காரர் வீட்டில் அடைபட்டார். மறுநாள் மத்தியானம் மகனுக்கு நாந்தியிலிருந்து விமானம்.

மகன் போனில் சொன்னான், இந்த விமானத்தை விடுகிறேன் என்று. அக்கா கூடாது என்றார். அப்படியானால் டிஸ்க் காப்பி எப்படி என்றான். “நான் சொல்றேன், நீயே போடு” என்றார் அக்கா.

அந்தப் பேச்சைப் பிறகு அக்காவே என்னிடம் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். ஃப்ளாப்பியைப் போடச் சொன்னார். போட்டான். என்ன தெரிகிறது என்று கேட்டார். இரண்டு டிஸ்க் காட்டுகிறது, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றான்.

“அச்சா. பெரியவன்லேந்து சின்னவனுக்குப் போடு. வேற எத்தயும் தொடாத.”

“பெரியதிலிருந்து சின்னதுக்கு. சரிம்மா.”

லைன் விட்டுப்போனது. மறுபடி கிடைக்கவில்லை.

அந்தப் பையனுக்குத் தமிழ் அரைகுறை. அம்மா பேசினால் புரியும், இந்தியில் பதில் சொல்வான். பெரிய என்றால் அவனுக்கு அளவுதான். மூத்தவன் என்ற பொருளில் அதை யாரும் அவனிடம் சொன்னதில்லை, ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன். வீட்டில் இருந்த டிஸ்க் பழசு, அதனால் கொள்ளளவில் சிறிசு. புதிதாக வாங்கிய காலி டிஸ்க்தான் பெரிசு. நம் சனங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ஸ்லேவ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும்.

மறுநாள் காலையில் அவனை விமான நிலையத்துக்கு அழைத்துப்போக நானும் என் கணவரும் காரோடு போனோம். அவன் குளித்து, விபூதி இட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். திரையில் வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று எழுதியிருந்தது. “பாருங்கள் ஆன்ட்டி, அம்மா இல்லாமலே முடித்துவிட்டேன்” என்றான். நடுவில் ஒரே ஒரு தடவை, போகும் இடம் சிறிசு, பரவாயில்லையா என்று மென்பொருள் கேட்டதாம். எதைச் செய்தாலும் பரவாயில்லையா என்று கேட்பதுதானே அதன் வழக்கம் என்று ஆமாம் போட்டானாம். நான் கடையில் பில் போடுகிறவள், எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. அவன் புது டிஸ்கைக் கழற்றி, அப்பாவின் பழைய சட்டை ஒன்றில் சுற்றி, கையில் எடுத்துப்போகும் பையில் வைத்துக்கொண்டான். நாந்தியில் உள்ளே போகும் முன், அம்மாவிடம் சொல்வதற்கு என்னிடம் ஏதோ சொல்ல வந்தான். என் காலைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் அம்மாவுக்குச் சேர வேண்டிய கும்பிடு அது. வாங்கிக்கொண்டு நிற்க எனக்குக் கூசியது.

பாதை திறந்து அக்கா ஊர் வந்து சேர்ந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்த்திருக்கிறார், ஓடவில்லை. டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்து தன் மேசையில் மாட்டினார். அன்று மட்டும் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். ஒன்றும் இல்லை. கடைப் பையன்கள் அவர்களுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். அக்காவின் ஃப்ளாப்பி சுத்தமான ஃப்ளாப்பி, காலி இடத்தையும் எழுதிவிட்டுத்தான் ஓயும்.

“பெரியவன்னா மூத்தவன்னு நெனச்சிக்கினு நான் சொன்னேன்” என்றார் அக்கா. “அவன் எது பெருசுன்னு பாத்துக்கிறான்.”

குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ஒயரைப் பிடுங்கினார், டிஸ்கைத் துணியால் துடைத்தார், தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற ஆளைப் பார்த்து, “வாங்க, எப்ப பயணம்?” என்று கேட்டார். அழுதது நான்தான். பாத்ரூமில் போய் அழுதேன். அவர் அழாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம் பிரிஸ்பேனிலிருந்து கடைக்குப் போன் வந்தது. எடுத்தவள் நான். “ஆன்ட்டி, நான் கொண்டுவந்ததில் ஒன்றுமே இல்லை. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் வைத்தார்கள், அதில்தான் அழிந்திருக்கும். வீட்டில் பழசு இருக்கிறதல்லவா?” என்று இந்தியில் மூச்சுவிடாமல் கேட்டான். ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார்.

“இக்குது.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீதான் அழிச்சேன்னு சொல்லச் சொல்றியா? அவனுக்கு அங்க யாரு இக்கிறா, தேத்தறதுக்கு?”

அதன்பிறகு ஒவ்வொரு போனிலும் அந்தக் கேள்வி வந்தது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பதில் போனது. தீபாவளிக்குக் கேட்டான். அப்பா திதிக்குக் கேட்டான். கல்யாணம் நிச்சயமானபோது, கல்யாண வீட்டில் அப்பா குரலைப் போட வேண்டும், ஒரு காப்பி எடுத்துத் தபாலில் அனுப்பு என்றான். தபாலில் போனால் உடைந்துவிடும், நீயே வந்து எடுத்துக்கொள் என்றார். உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறேனே, வரும்போது கொண்டுவா என்றான். முட்டி வலி, விமானத்தில் உட்கார முடியாது என்று கல்யாணத்துக்கே போகவில்லை. ஒற்றை மகன் கல்யாணம். எனக்கு அன்று பொறுக்கவில்லை, நேராகவே கேட்டுவிட்டேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லிட்டுப் போய் வரலாமில்ல? இத்தனை வருஷம் கழிச்சு அவன் உங்களைத் திட்டவா போறான்?”

“திட்ட மாட்டான். போன் பண்றத கம்மி பண்ணிடுவான்.”

“அப்படி ஏன் நினைக்கிறீங்க?”

“இங்க இன்னா இக்குது தங்கச்சி அவனுக்கு? அவரு குரலு இக்குதுன்னுதான் கேட்டுக்கினு இக்கிறான்.”

“நீங்க இருக்கீங்களே!”

அக்கா பட்டாணி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். மகனுக்கு வலிக்கக் கூடாது என்று ஆரம்பித்த பொய், மகன் வர வேண்டும் என்பதற்கான பொய்யாக எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. அவருக்காவது தெரிந்ததோ என்னவோ. பையிலிருந்த அந்தக் காலி டிஸ்கை மட்டும் அவர் ஒருநாளும் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆறு வருஷம் கழித்து மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இந்தத் தடவை ராணுவம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊருக்கும் பழகிப்போயிருந்தது. மார்க்கெட்டில் கீரை விற்கிறவள்கூட, “அதுவா, காலையிலேயே ஆச்சே” என்றாள். நானும் என் கணவரும் கோயமுத்தூருக்கே திரும்புவது என்று முடிவு செய்திருந்தோம். அக்காவின் மகன் இந்தத் தடவை போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டான். அம்மாவை அழைத்துப்போக விசா, டிக்கெட் எல்லாம் கையில் இருந்தது. வரமாட்டேன் என்று சொல்ல அக்காவிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

மூட்டை கட்ட உதவி செய்ய அன்று ட்ராசா வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அக்கா அடுப்பில் உலை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தாலோ என்கிற சேப்பங்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் மடிக்கணினியையும், பழைய டிஸ்கை மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டியையும் மேசைமேல் வைத்தான். பிரிஸ்பேனிலிருந்தே வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

“எங்கேம்மா அது? முதலில் அதை எடுத்துவிடலாம்.”

கைப்பையைக் காட்டினார். அவனே எடுத்து, மாட்டி, உட்கார்ந்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன, காலி என்று காட்டுகிறது?” ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

“அதுல ஒன்னும் இல்ல” என்றார் அக்கா.

“எப்போதிலிருந்து?”

“நீ போன அன்னிலேந்து.”

அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அதிக நேரம் ஆகவில்லை. முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்வதை நான் பார்த்தேன். “நானா?” என்றான்.

“நான்தான். போன்ல சரியா சொல்லல.”

“பிறகு ஏன் இத்தனை வருஷம் இருக்கிறது, இருக்கிறது என்று சொன்னாய்?”

அக்கா ஒரு தண்டை நறுக்கென்று ஒடித்தார். அவன் மடிக்கணினியை மூடினான். திட்டுவான் என்று பயந்தேன். திட்டவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டான். இருவரும் அழுதிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவன் ஒரு தண்டை எடுத்து அவரோடு ஆய ஆரம்பித்தான்.

அக்கா கேட்டார்.

“நீதான கேட்டுக்கிற. இன்னா பேசனாரு அதுல?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “நீ கேட்டதே இல்லையா?”

“இல்ல.”

“ஒரு தடவைகூடவா?”

“இக்குதேன்னு உட்டுட்டேன்.”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இந்தியும் தமிழுமாகச் சொன்னான். முதலில் மைக்கைத் தட்டிவிட்டு ‘கேக்குதா, கேக்குதா’ என்பார். அப்புறம் இருமுவார். பஸ் டிரைவரைத் திட்டுவார். ரக்பி நடுவருக்குக் கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொல்வார். நாய் குரைத்தால் அதற்கும் பதில் சொல்வார்.

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு பாட்டு. எந்தப் பாட்டு என்று தெரியவில்லை.”

“அப்புறம்?”

அவன் யோசித்தான். “மீதியெல்லாம் அதில்தான் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன் அம்மா.”

அக்கா கீரையை ஒதுக்கிவைத்தார். எத்தனையோ வீட்டு மூட்டைகளைத் தூக்கியவர், ஒன்றையும் அவிழ்த்துப் பார்க்காதவர், அன்றைக்குத்தான் உள்ளே இருப்பதைக் கேட்டார்.

“என்னப் பத்தி எதுனா சொன்னாரா?”

“சொன்னார்” என்றான் உடனே. “உன்னைப் பற்றித்தான் ரொம்ப நேரம் பேசினார். சிரித்துக்கொண்டே பேசினார்.” பிறகு கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். “என்ன பேசினார் என்றுதான் ஞாபகம் வரவில்லை அம்மா.”

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் ஓடிப்போய்த் தீயைக் குறைத்தேன். திரும்பி வந்தபோது அக்கா அவன் முட்டிமேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“சிரிச்சாரா?” என்று இன்னொரு தடவை கேட்டார்.

“சிரிச்சாரும்மா” என்றான் அவன், தமிழில்.